அடைத்த பின்னும்

மோட்டார் சுவிட்சின் மேல் ஒரு தாள் ஒட்டி
‘போடாதீங்க’ என்று எழுதிவிட்டுத்தான்
எந்த வீட்டிலும் ரிஞ்சைக் கையில் எடுப்பேன்.
தேவகோட்டையில் ஒருமுறை
குழாய் கழன்று கையோடு வந்த நேரம்
யாரோ நல்லெண்ணத்தில் மோட்டார் போட்டார்கள்.
கல்யாணப் புடவைகள் காய மூன்று நாள்.

பள்ளத்தூரில் இந்த வீடு
ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிறது.
நடுவில் செங்கல் சுவர், பூசாமல்.
கோர்ட்டு சொல்லிப் பதினாறு வருஷத்துக்கு முன் எழுந்தது.
முகப்பும் வளவும் சாத்தப்பன் பக்கம்,
இரண்டாங்கட்டும் அடுப்படியும்
அவர் அண்ணன் மனைவி உமையாள் பக்கம்.

உமையாளுக்கு ஏழு குழாய் மாற்ற வேண்டும்.
ஏழும் ஒழுகல்.
அடுப்படிக் குழாயின் கழுத்தில்
புண்ணுக்குக் கட்டுவதுபோல் துணி சுற்றியிருந்தாள்.

மாடித் தொட்டிக்கு அடியில் கேட் வால்வு.
துருப்பிடித்த சக்கரம். மண்ணெண்ணெய் விட்டு
ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தேன்.
அரைச் சுற்று மூடு, கால் சுற்று திற,
மறுபடி மூடு.
கோபத்தோடு திருப்பினால் தண்டு முறியும்;
அப்புறம் அது அடைக்கவும் அடைக்காது,
திறக்கவும் திறக்காது.

மாடிக் குழாயைக் காற்றுக்குத் திறந்துவிட்டேன்.
மேலே மூச்சு விட்டால்தான் கீழே இறங்கும்.
பிறகு பின்கட்டில், தரையை ஒட்டிய குழாய்.
கனைத்தது. செம்மண் நிறத்தில் துப்பியது. தெளிந்தது.

உமையாள் வாளிகளில் பிடித்தாள்.
வாளி தீர்ந்தது, அண்டா தீர்ந்தது,
சீர்வரிசையில் வந்து பரணில் கிடந்த,
அவள் இனிஷியல் வெட்டிய
எவர்சில்வர் தூக்குகள் ஒவ்வொன்றாய் இறங்கின.
இந்த நீளக் குழாயில் கணக்குப்படி நாலு வாளி இருக்கும்.
பதினெட்டாவது நிரம்பிக்கொண்டிருந்தது.

“வால்வு பிடிக்கலையோ?”
மாடி ஏறித் தட்டிப் பார்த்தேன்.
வெறும் குழாய்ச் சத்தம்.
இது நம் தொட்டித் தண்ணீர் இல்லை.

முட்டை வெள்ளைக்கருப் பூச்சில் காதை வைத்தேன்,
கன்னம்போல் குளிர்ந்தது.
உள்ளே ஓட்டம். காதோடு நகர்ந்து நகர்ந்து
செங்கல் வந்து சுரண்டியபோது நின்றேன்.
அங்கேதான் சத்தம் பெரிது.

சுவர் கட்டிய கொத்தனார் அந்தக் குழாயைப் பார்த்திருக்கிறார்.
சுற்றிலும் பக்குவமாய்க் கலவை வைத்திருக்கிறார்.
தீர்ப்பில் குழாயைப் பற்றி ஒரு வரிகூட இருந்திருக்காது.

“மோட்டார் எரிஞ்சு ரெண்டு வாரம் கிடந்த கோடையிலும்
தண்ணி வந்துச்சு,” என்றாள் உமையாள்.
“தொட்டி பெரிசுன்னு நெனச்சிட்டேன்.”
சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது சுவருக்கு அப்பால் ஒரு குரல்,
யாருக்கும் இல்லாமல்:
“தொட்டி சரசரன்னு இறங்குதே,
அங்கே என்னதான் பண்றாங்க?”

உமையாள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:
“அவங்க வால்வையும் ஒரு மணி நேரம் அடைக்கச் சொல்லுங்க.”
காதில் விழுந்ததையே நான் உரக்கச் சொன்னேன்.
“எந்த வால்வுன்னு கேளுங்க,” என்றது சுவர்.
நான் கேட்டேன்.
“தொட்டிக்கு அடியில, சிவப்புச் சக்கரம்.”
நான் சொன்னேன்.
படியேறும் செருப்புச் சத்தம். பிறகு மாடியிலிருந்து:
“இடமா, வலமா?”
நான் வாயைத் திறப்பதற்குள்
உமையாள் தலையைத் தூக்கிக் கத்தினாள்:
“வலம்!”

பின்கட்டுக் குழாய் மெலிந்தது,
நூலானது, சொட்டானது.
யாரும் ஒன்றும் பேசவில்லை.

ஏழு குழாய், டெஃப்லான் டேப், கூலி.
அந்த இணைப்பை வெட்டி டம்மி போட
எவ்வளவு ஆகும் என்று கேட்டாள்.
நூற்றைம்பது, கூலி தனி.
பில்லில் எழுதினேன். அவள் பேனாவை வாங்கி
அந்த ஒரு வரியை அடித்தாள்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போன்.
“சுவிட்சுல ஒட்டின தாளை
கிழிச்சிரலாமா?”