இல்லாத தூண்

காட்டோவீட்சே. மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது.
திரையில் சி-நான்கு தூணைத் தொட்டு
அழிக்கிறேன்.
எப்படிப் போனது என்று விதிநூல் கேட்பதில்லை:
லாரியோ, எரிவாயுவோ, யாருடைய கோபமோ.
போய்விட்டது. இனி?

மேலே பதினோரு தளங்கள்
ஒரு கணம் எதன்மேலும் இல்லை.
உத்தரம் வளைகிறது. வளைந்து வளைந்து
வளைவதையே மறந்து
கயிறாகிறது.
தொங்கலாம்,
இரு முனையிலும் பிடி விடாவிட்டால்.

பிடி என்பது போல்ட். முனைக்கு ஆறு கேட்டிருந்தேன்.
ஒப்பந்தக்காரர் செவெரின் தொலைபேசியில் சிரித்தார்:
"நாலு போதும், போக்னா.
அந்தத் தூண் எங்கே ஓடிப்போகப் போகிறது?"

வரைபடத்தில் அதை ஒட்டி
பல் மருத்துவரின் காத்திருப்பு அறை.
வீங்கிய கன்னத்தோடு யாரோ
பூச்சுக்குள் இரும்பு நிற்பது தெரியாமல்
தலை சாய்ப்பார்.

நாலு போட்டு மறுபடி ஓட்டினேன்.
முதல் தளத்தின் முனை கிழிந்தது.
அப்புறம் அடுத்தது, அப்புறம் எல்லாமே,
சத்தமில்லாமல், சிவப்பாக.

ஆறு. அவ்வளவுதான் எழுதினேன் பதிலில்.
சி-நான்கை
இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

கீழே ட்ராம் போயிற்று.
ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் நடுங்கி
நின்றது.