நாற்பத்தோராவது வாரம்

ஸ்டோர்னோவேயில் மூடுபனி.
நரம்பியல் மருத்துவர் வந்த விமானம்
இறங்காமலே திரும்பிவிட்டது.

ஆஸ்பத்திரிக் கடிதங்களை
முப்பது வருடம் வீடுவீடாய்ச் சேர்த்தவர் டோர்மட்.
தன் கடிதம் வர
நாற்பத்தொரு வாரம் ஆயிற்று.

"ஒரு சுருள் வரையுங்கள்" என்கிறாள் நர்ஸ் ஈஷ்பெல்.
திரையில் மருத்துவர் முகம் நின்று நின்று அசைகிறது.
முதல் சுற்று பரவாயில்லை.
அப்புறம் கோடு நடுங்கி, நெருங்கி,
எறும்பு மொய்த்தாற்போல் ஒரு புள்ளியில் முட்டி நிற்கிறது.

"இந்த விலாசத்துக்கு
என்னாலேயே தபால் கொடுக்க முடியாது."

ஈஷ்பெல் சிரிக்கவில்லை.
மாத்திரைச் சீட்டைத் தருகிறாள்.
காசு கேட்க இங்கே ஆளில்லை.

கோட்டுக்குப் பொத்தான் போட
அவருக்குப் பதினொரு நிமிடம்.
கடிகாரத்தைப் பார்க்காமல் நிற்கிறாள்;
வெளியே பெஞ்சில்
இன்னும் ஒன்பது பேர்.