நான்காவது கட்டம்

பைசந்தூ ஆட்டுத்தொட்டி வாசலில்
விடிகாலை மூன்று மணிக்கே வந்து நிற்பாராம்
டாக்டர் ஒந்தினா எச்செவெரி,
ரப்பர் பூட்ஸ், பனிக்கட்டி வாளியோடு.
கத்தியாட்கள் தலையைப் பிளந்து
பயறளவு சுரப்பியைக் கிள்ளிப் போடுவார்கள்.
வாளி நிறைய நாலாயிரம் ஆடு.
நாலாயிரம் ஆட்டுக்கு
நகக்கண்ணில் ஒட்டுமளவு வெண்பொடி.
அதிலும் பாதி
மின்சாரம் போன ஓர் இரவில் கெட்டது.
ஊர் திரும்பும் பஸ்ஸில்
அவர் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

இதெல்லாம் விண்ணப்பத்தில் இல்லை.
நான் மொந்தேவிதேயோ காப்புரிமை அலுவலகக் குமாஸ்தா.
என் முன்னால் இருந்தது:
ஈஸ்ட்டில் ஹார்மோன் விளைவிக்கும் முறை,
கோரிக்கைகள் பதினேழு, வரைபடம் மூன்று.
இனி ஆட்டுத்தொட்டி வேண்டாம்,
ஓர் எஃகுத் தொட்டி போதும்.

நான்காவது கட்டத்தைத்தான் நிரப்பவில்லை.
'கண்டுபிடித்தவர் பெயர்?' என்றேன்.

'கண்டது நான்.
பிடித்தது யாரென்றுதான் தெரியவில்லை.
பதினோரு வருஷம் பனிக்கட்டி சுமந்த வால்தெமாரா,
அந்தக் கத்தியாட்களா?
ஈஸ்ட்டுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா, சொல்லுங்கள்.'

வரிசையில் யாரோ இருமினார்.
பன்னிரண்டுக்கு நான் ஜன்னலை மூட வேண்டும்.

என் பேனாவையே வாங்கி
தன் பெயரை எழுதினார், பொடி எழுத்தில்,
கட்டத்தின் இடது ஓரமாக நெருக்கி,
பஸ்ஸில் நாலு பேருக்கு
நகர்ந்து இடம் விடுகிறவர்போல.

அவர் போன பிறகு
மிச்ச இடத்தைக் குறுக்குக் கோடிட்டு அடைத்தேன்.
விதி அப்படி.