நாலு வீட்டுக்கு ஒரு கதவு

சீட்டில் இரண்டு இடம் எழுதினார் டாக்டரம்மா.
ஒன்று ஸ்டான்லி.
மற்றது கேட்டுக்கு இந்தப்பக்கம்,
அடகுக்கடைக்கு மேலே, லிஃப்ட் இல்லாத மாடியில்
ஒரு கிளினிக்.
"எங்கே போனாலும் உள்ளே போறது அதே கேமராதான்,
நீங்களே முடிவு பண்ணுங்க."

கேமரா எனக்குத் தெரியும்.
பதினாறு வருடமாக ஜெட் லாரியில் ஓடுகிறேன்.
அடைத்த குழாய்க்குள் வயர் விட்டு
திரையைப் பார்த்தபடி
இங்கே வேர், இங்கே உடைசல்,
இங்கே யாரோ போட்ட சேலை என்று
என்ஜினீயருக்குச் சொல்லியிருக்கிறேன்.
குழாயிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை.

ரத்தம் முதலில் வந்தது ஆடி மாதம்.
பீட்ரூட் என்று நினைத்தேன்.
பீட்ரூட் தின்று ஒரு வாரம் ஆகியிருந்தது.

கிளினிக்கில் எட்டாயிரத்து ஐந்நூறு.
சனிக்கிழமை ஏழுக்குப் போனால்
பதினொன்றுக்கு வீடு.
மீன் தொட்டியைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள்:
"சின்னக் கட்டின்னா இங்கியே எடுத்துடுவாங்க சார்.
பெருசுன்னா எழுதிக் குடுத்துடுவோம்."
எங்கே?
"ஸ்டான்லிக்குத்தான்."

ஸ்டான்லியில் காசில்லை, நாள்தான் செலவு.
ஐந்து வாரம் கழித்துத் தேதி.
முதல் நாளே படுத்துவிட வேண்டும்.
குடலில் ஓட்டை விழுந்தால்
அதே கட்டடத்தில் தைக்க ஆள் உண்டு.
"ஓட்டையா?" என்றாள் ரெஜினா.
ஆயிரத்தில் ஒருத்தருக்காம்,
நமக்கு எந்தக் காலத்தில் லாட்டரி விழுந்தது என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

மச்சான் எபினேசர் கிளினிக் கட்சி:
"காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும்."
லாரி ஓட்டும் தசரதன்:
"பக்கத்துல இன்னொரு வண்டி நிக்காம
நாம மூடி திறப்பமாடா?
வீட்டுக்கு வந்தப்புறம் ஏதாச்சும்னா
கொருக்குப்பேட்டை கேட்டு உனக்காகத் திறக்குமா?"

இரண்டும் சரி.
முடிவு செய்தது இதெல்லாம் இல்லை,
சீட்டின் கடைசி வரி:
'முந்தின இரவு மருந்துத் தண்ணீர் இரண்டு லிட்டர்.
கழிப்பறைக்கு அருகிலேயே இருக்கவும்.'

அருகில்தான் இருக்கிறோம்.
நாலு வீடு, பத்தொன்பது பேர், ஒரு கதவு.
தாழ்ப்பாளுக்குப் பதில் செங்கல்.
நாலரைக்குத் தண்ணீர் வரும்,
அதற்கு முன்னால் வரிசை வரும்.

ஊர்க்கழிவெல்லாம் என் கைவழியே போகிறது.
என்னுடையதைச் சொல்ல நாக்கு எழவில்லை.
ஸ்டான்லியே இருக்கட்டும் என்றேன்,
தைக்க ஆள் இருக்கே என்றேன்.
ரெஜினா என்னைப் பார்த்தாள்.
என் பொய்யோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் செய்தவள்.

டாக்டரம்மாவுக்கு அவளே போன் போட்டாள்.
"ரத்தம் வருது, அஞ்சு வாரம் இழுக்காதீங்க."
பிறகு பல்கீஸிடம் சொன்னாள்.
பல்கீஸ் சுகுணாவிடம்.
சுகுணாவுக்குத் தெரிந்தால் ஹார்பருக்கே தெரியும்.
இரண்டு நாள் தலை நிமிராமல் நடந்தேன்.

வெள்ளி இரவு.
எலுமிச்சை பிழிந்த கடல் மாதிரி இருந்தது மருந்து.
முனிரத்தினம் வீட்டில் எல்லோருக்கும்
திடீரென்று தண்டையார்பேட்டையில் விசேஷம்.
பல்கீஸ் பிள்ளைகளைக் கட்டணக் கழிப்பறைக்கு
செருப்பைக் கையில் பிடித்தபடி கூட்டிப்போனாள்.
எத்தனையாவது முறையோ, மூன்று மணி,
வாசலில் மூன்று பக்கெட், மூன்று நிறம், தளும்பத் தளும்ப.
செங்கலைக் காணோம்.
கதவில் புதுத் தாழ்ப்பாள்,
திருகாணி ஓரம் மரத்தூள்.
யார் என்று நான் கேட்கவில்லை.
அவர்களும் சொல்லவில்லை.

காலையில் படியேறும்போது பார்த்தேன்,
அடகுக்கடை வாசலை அடைத்துக்கொண்டு ஜெட் லாரி.
சேட்டு கத்திக்கொண்டிருந்தார்.
"இன்னொரு வண்டி" என்றான் தசரதன்
பீடியை எடுக்காமலே.

மேலே ஒரு தாள் நீட்டினார்கள்,
சம்மதம் என்று கையெழுத்துப் போட.
போட்டேன்.
திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்புங்க என்றேன்.
"தூங்கிடுவீங்க சார்" என்றாள் நர்ஸ்.

தூங்குற வரைக்கும்மா.