தேமல்

கருப்பூரில் பஸ் விட்டு இறங்கினால்
வெள்ளைக்கல் தூசியோடு சேர்த்துத்தான் வெயில்.
லேபில் மட்டும் ஏசி.
கம்ப்யூட்டர்களுக்காகப் போட்டது,
நாங்கள் ஓரமாக உட்கார்ந்துகொள்வோம்.

பயாலஜியா கம்ப்யூட்டரா என்று
கேட்காதவர் இல்லை அந்த இரண்டு வருஷத்தில்.
கல்யாண வாசலில்
மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்பதுபோல.
இரண்டும் என்றால்
எந்தப் பந்தியிலும் இலை விழாது.

மருந்து கண்டுபிடிக்கிற படிப்பு என்று
தீர்த்தகிரி வீட்டில் சொல்லி வைத்திருந்தான்.
சர்க்கரைக்கு மாத்திரை எப்போடா என்று
தீபாவளிக்குத் தீபாவளி அவன் அத்தை கேட்பாளாம்.

ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்தது
குச்சிக்கிழங்கு இலை.
வாழப்பாடி தாண்டி, அங்கம்மாவின் முக்கால் ஏக்கர்.
மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக,
நுனி சுருண்டு,
அடியில் வெள்ளை ஈ.
தேமல் என்றாள்.
ஏழு இலை பறித்து ஐஸ் பெட்டியில் வைத்தேன்.
"பேரு தெரிஞ்சா போயிருமா?"
கேட்டுவிட்டு
சேகோ மில்லில் மூட்டைக்குக் கழித்த கிலோவை
விரல் விட்டு எண்ணப் போய்விட்டாள்.

பெங்களூருக்கு அனுப்பிப்
பதினெட்டாம் நாள் மெயிலில் வந்தது:
இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் எழுத்து.
நாலே எழுத்து, திரும்பத் திரும்ப,
மூச்சு விட ஒரு காற்புள்ளி இல்லாமல்.
உலகம் இதுவரை படித்து வைத்ததோடெல்லாம்
ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொத்தான்.
அழுத்தினேன். கரண்ட் போனது.
வந்தது.
தொண்ணூற்றெட்டு சதவீதம்
யாரோ எங்கோ முன்பே பார்த்த வைரஸ்.
மீதி அங்கம்மா காட்டுடையது.

அன்றிரவு ஹாஸ்டல் மொட்டைமாடி.
சேர்வராயன் மலைமேல் ஒரு லாரி விளக்கு
தெரிவதும் மறைவதுமாக ஏறிக்கொண்டிருந்தது.
ஆர்என்ஏ இழை தன்மேல் தானே மடங்குகிற இடத்துக்கும்
கொண்டை ஊசி என்றுதான் பெயர்.
ஏற்காட்டுக்கு இருபது.
எண்ண ஆரம்பித்த நஸ்ரின்
பதினொன்றில் தூங்கிவிட்டாள்.

வேலைக்கு ஆள் எடுக்க வந்தவை மூன்று கம்பெனி.
ஒன்று பைத்தான் கேட்டது.
ஒன்று அனுபவம் கேட்டது.
மூன்றாவது, ராத்திரி விழிக்க முடியுமா என்று மட்டும்.
பரீட்சைக்கு விழித்த தைரியத்தில்
முடியும் என்றேன்.

தீர்த்தகிரி இப்போது பெங்களூரில்
புற்றுக்கட்டிகளின் எழுத்துப்பிழை தேடுகிறான்.
அத்தைக்கு அதுவும் மருந்துக் கடைதான்.
நஸ்ரின் கோவையில் பிஎச்டி,
உதவித்தொகை வருகிற மாதங்களில் போனை எடுக்கிறாள்.
நான் ஐந்து ரோட்டில் நாலாவது மாடி.
மெடிக்கல் கோடிங்.
அமெரிக்காவில் வழுக்கியவர், இருமியவர்,
நாய் கடித்தவர் எல்லோருக்கும் எண் போடுகிறேன்.
மணிக்குப் பன்னிரண்டு ஃபைல்.

நேற்று விடிகாலை இரண்டரைக்கு
ஓஹியோவிலிருந்து ஒரு டிரக் டிரைவர்.
முதுகில் வெளிர்த் திட்டுகள், அரிப்பு இல்லை.
பி முப்பத்தாறு புள்ளி பூஜ்யம்.
தமிழில் என்ன பெயர் என்று
அங்கம்மாவுக்குத் தெரியும்.
அடுத்த ஃபைலைக் கொஞ்ச நேரம் நான் திறக்கவில்லை.

வைரஸுக்குத் தரவு வங்கியில்
பதிவு எண் கிடைத்துவிட்டது.
சேகரித்த இடம்: வாழப்பாடி.
சேகரித்தவர் கட்டத்தில் என் பெயர்.
காடு யாருடையது என்று கேட்க
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

போன வாரம் ஆத்தூர் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன்.
இந்தத் தடவை
சோளம் போட்டிருக்கிறாள்.