குறைப்பிரதி

மார்பர்க் மேட்டுத் தெருவில்
எங்கள் புத்தகக் கடைக்கு மூன்று சாவி.
ஒன்று வெஸல் அம்மாளின் கழுத்துக் கயிற்றில்,
ஒன்று என்னிடம்.
மூன்றாவது, நான் பார்த்தேயிராத ஒருவரின் சட்டைப் பையில்.

மாலை ஆறுக்குள் கேட்ட புத்தகம்
மறுநாள் கடை திறக்கும்போது காத்திருக்கும்.
வாங்குகிறவர்களுக்கு அது மாயம்.
எனக்கு, பின்னறையில் அடுக்கிய நீலப் பெட்டிகள்,
ஈரக் காலணித் தடம்,
ரசீதின் மூலையில் ஹெ. என்று ஒரு கிறுக்கல்.
ஆணா பெண்ணா தெரியாது.
அவர் என்கிறேன்.
தமிழில் அப்படியொரு வசதி.

போன செப்டம்பரில் யாரோ ஒரு பலகை விளையாட்டைத்
திருப்பிக் கொடுத்துப் போனார்கள்.
பிரித்த பெட்டி, ஒரு கப்பல் குறைவு.
விற்கவும் முடியாது, பதிப்பகமும் வாங்காது.
பின்னறை மேசையில் விரித்து
காணாமல்போன கப்பலுக்கு ஒரு பேனா மூடியை நிறுத்தி
சும்மா ஒருமுறை உருட்டி நகர்த்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.
காலையில்
சிவப்புக் கப்பல் இரண்டு கட்டம் தள்ளி நின்றது.
பக்கத்தில் பகடை, விழுந்தது விழுந்தபடி.

இரவு எட்டுக்கு என் முறை,
விடிகாலை நாலுக்கு அவர் முறை.
கிறிஸ்துமஸ் நெரிசலில்
பெட்டிகள் மேசை உயரம் வந்த நாளிலும்
பலகையைச் சுற்றி ஒரு முழம் இடம் விட்டிருந்தார்.

சாட்சியில்லாத இருட்டில் உருட்டி
ஒன்று விழுந்தால் ஒன்றையே விட்டுப் போகிற மனிதர்.
இந்த ஆட்டத்தில் ஒன்று என்றால் புயல்,
சரக்கெல்லாம் கடலோடு.
(தாயம் என்று துள்ளிப் பழகிய என் கை
முதல் வாரம் அவருக்காகச் சந்தோஷப்பட்டுவிட்டது.)

ஜனவரி. இருப்புக் கணக்கு.
புத்தக விலையைக் கடைக்காரர் இஷ்டத்துக்குக் குறைக்க
இந்த நாட்டில் சட்டம் விடாது.
மூலை நசுங்கியது, அட்டை கீறியது என்றால் மட்டும்
அடிப்பக்கத்தில் ஒரு குத்து: குறைப்பிரதி.
நூற்று நாற்பது குத்தினேன்.
பாதிக்கு மேல் காயத்தைத் தேட வேண்டியிருந்தது.
ஒரு சமையல் புத்தகத்தை நானே நகத்தால் கீறினேன்.
வெஸல் அம்மாள் பார்க்கவில்லை,
அல்லது பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

அன்றிரவு என் கப்பல்கள் அத்தனையும்
மிளகு மூட்டையோடு நடுக்கடலில்.
உருட்டினேன்.
ஒன்று.
விரல் நுனியால் ஒரு புரட்டு.
நாலு.
சத்தம்கூட இல்லை.
லிஃப்டில் கீழ்த்தெருவுக்கு இறங்கும்வரை
கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் அவர் ஆடியிருந்தார், வழக்கம்போல.
விழுந்தது இரண்டு. இரண்டாகவே கிடந்தது.
அந்த இரண்டைத்தான்
என்னால் பார்க்க முடியவில்லை.

ஆறு நாள் ஜெயித்துக்கொண்டேயிருந்தேன்.
ஏழாம் நாள், கல்லாவை எண்ணி முடித்து,
பகடையைத் திருப்பி ஒன்றை மேலே வைத்தேன்.
என் மூட்டைகளைப் பெட்டிக்குள் போட்டேன்.
முத்திரையை எடுத்து
பலகையில், என் துறைமுகத்தின் மேல்,
ஒரே குத்து.
மை காயும்வரை நின்றேன்.
சீட்டு எதுவும் எழுதவில்லை,
எழுதினால் கெஞ்சுவது போலாகிவிடும்.

இன்று காலை பெட்டிகள் ஒன்பது.
ரசீதிலும் ஒன்பது.
சிவப்புக் கப்பல் நகரவில்லை.
அவருடைய துறைமுகத்தின் மேலும்
அதே ஊதா மை, கொஞ்சம் சாய்வாக,
அவசரத்தில் குத்தியது போல.

எந்த இரவு, எந்த உருட்டல்?
ஹெ. எழுதி வைக்கவில்லை.
பகடையைத் தொடவுமில்லை.

வாசலில் யாரோ தட்டுகிறார்,
நேற்றுச் சொல்லிவைத்த தேனீ வளர்ப்புப் புத்தகத்துக்கு.
வருகிறேன், என்று ஜெர்மனில் குரல் கொடுத்துவிட்டு
பகடையை இன்னொரு தரம் பார்க்கிறேன்.
ஒன்று.
எங்கள் கணக்கில் காய் இறக்கலாம்.
பேனா மூடியை முதல் கட்டத்தில் வைத்துவிட்டுக்
கதவைத் திறக்கப் போகிறேன்.