அறுபத்தொரு நாள்

சித்திரை பிறந்த அன்று நள்ளிரவோடு
காசிமேட்டில் லாஞ்சுகளெல்லாம்
ஒன்றின் விலாவில் ஒன்று சாய்ந்து நின்றுவிட்டன.
மீன் முட்டையிட அரசாங்கம் விட்ட லீவு.
அதில் எனக்கு வந்த பங்கை
நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

தேசிங்கு வீடு வந்தான்.
பையில் லுங்கி, சார்ஜர், பாதி சோப்பு.
பத்து நாள் கடல், இரண்டு நாள் கரை என்று
பதினோரு வருஷம்.
கூட்டிக் கழித்தால், தடைக்காலத்தையும் சேர்த்து,
எங்களுக்குக் கல்யாணமாகி
நாலு வருஷம்கூட ஆகவில்லை.

முதல் வாரம் அவனுக்குத் தரை பிடிபடவில்லை.
மூன்றாவது மாடி ஆடுகிறது என்றான்.
ஆடுவது நீ என்றேன்.
வாடகைக்குப் பார்க்க வந்தவன்போல
வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
"மூணு மணிக்கு இங்க வெயில் வருமா?"
வரும்.
அலமாரி வரை வந்து
யுவஸ்ரீயின் கேரம் கப்பைத் தொட்டுவிட்டு
நாலரைக்குத்தான் கிளம்பும்.
இத்தனை வருஷமும்
நான் மட்டும்தான் அதை வழியனுப்பியிருக்கிறேன்.

கத்திரி பிறந்தது.
தண்டையார்பேட்டைத் தார் செருப்பைப் பிடித்து இழுத்தது.
லாரித் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்.
மணலிக் காற்று வந்தால் ஜன்னலைச் சாத்தணும்,
வராவிட்டால் வெந்து சாகணும்.
'கோடையைக் கொண்டாடுங்கள்' என்று
ஏசி கடை பேனர் ஒன்று டோல்கேட்டில் தொங்கியது.
அதன் நிழலில் இரண்டு ஆட்டோ, ஒரு நாய்,
கிர்ணி ஜூஸ் தள்ளுவண்டி, நாங்கள் மூன்று பேர்.
ஒரு கிளாஸை மூன்றாக்கி
பேனர் சொன்னபடியே செய்தோம்.

நிவாரணப் பணம் வந்தது.
வட்டிக்கு, பள்ளிக்கு, மளிகைக்கு என்று போனது போக
கையில் நின்றது பெட்ரோல் காசு.
கீழ்வீட்டு ரமீஜா ஸ்கூட்டி தந்தாள்.
லாஞ்சு ஓட்டுகிறவனுக்கு ஸ்கூட்டி தெரியாது.
எனக்கு இரண்டுமே தெரியாது.

ராத்திரி இரண்டு மணிக்கு
மற்ற மாசங்களில் ஏலம் கத்தும் இடம்
இப்போது கழுவிவிட்ட சிமெண்டு.
நான் ஓட்ட, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் ஓடிவந்தான்.
"கரைப் பக்கம் ஒடி! கரைப் பக்கம்!"
கரை எந்தப் பக்கம் என்று யோசிப்பதற்குள்
ஐஸ் பெட்டி அடுக்கில் போய் விழுந்தேன்.
ரோந்து போலீஸ் டார்ச் அடித்தது.
"இந்நேரத்துல இன்னாமா பண்றீங்க?"
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"தடைக்காலம் சார்" என்றான் அவன்,
அதுவே பதில் என்பதுபோல.

பத்து நாளில் அவன் ஓடுவதை நிறுத்திவிட்டுப்
பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

கரண்ட் போன இரவுகளில் மொட்டைமாடி.
துறைமுகத்துக்கு இடம் கிடைக்காத கப்பல்கள்
தூரத்தில் விளக்கேற்றிக் காத்திருக்கும்.
"அங்கேர்ந்து பாத்தா
மொதல்ல மணலி நெருப்புதான் தெரியும்.
அதுக்கு இடதுகைப் பக்கம் இருட்டா ஒரு எடம்.
அதான் நீங்கன்னு வச்சிக்குவேன்" என்றான்.
யுவஸ்ரீ தூங்கிவிட்டாள்.
நான் தூங்கினதுபோல் படுத்திருந்தேன்.
முதுகில் தரையின் சூடு
விடியும்வரை ஆறவில்லை.

அறுபத்தொன்றாம் நாள்.
ஐஸ் உடைக்கும் சத்தம் ஜிஎம் பேட்டை ரோடு வரை கேட்டது.
ரமீஜாவின் வண்டியில் நானே கொண்டுபோய் விட்டேன்,
அவன் மடியில் பை,
பையில் புது சோப்பு.
"பாத்துப் போ" என்று அவனும் சொன்னான், நானும் சொன்னேன்.

திரும்பும்போது
கல்மண்டபம் முனையில் வண்டி தடுமாறியது.
பின்னால் பாரம் இல்லாமல்
ஓட்டிப் பழகவே இல்லை என்பது
அப்போதுதான் தெரிந்தது.